பேரனுக்குச் செந்தில் என்று பெயர் வைத்தோம்

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்து வருகைப் பதிவேட்டில் செந்தில் என்ற பெயர் இல்லாத வகுப்பே இருக்காது. எண்பதுகளில் "செந்தில்" என்று வாசித்தால் வெவ்வேறு பெஞ்சிலிருந்து "உள்ளேன் அம்மா" என்று குரல் வரும். அதனால் முன்னெழுத்தோடு வாசிப்பேன். பிள்ளைகளுக்குள் வேறு ஏற்பாடு இருந்தது. நெட்டைச் செந்தில், கீழத்தெருச் செந்தில், உடன்குடியில் கருப்பட்டி யாவாரம் பார்த்தவர் மகன் கருப்பட்டிச் செந்தில். இவர்கள் போக செந்தில்குமார், செந்தில்வேல், செந்தில்நாதன், செந்தில்முருகன் எல்லாரும் கூப்பிடும்போது செந்தில்தான். பெண்பிள்ளைகளில் செந்தில்வடிவு இருந்தாள்.

நான் ஓய்வு பெறும் காலத்தில் அதே பதிவேட்டில் செந்திலைத் தேடத்தான் வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது ஒருநாள் சேர்க்கைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். மாணவர் பெயர் என்ற பத்தியில் ஒரு செந்திலும் இல்லை. பக்கத்துப் பத்தியில், தந்தை பெயர் என்ற இடத்தில், செந்தில், செந்தில்குமார், செந்தில்வேல் என்று வரிசையாக இருந்தார்கள். ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறைக்கு முன்னெழுத்தாக மாறியிருந்தது. பிள்ளைகளின் பெயர்களோ ஷ், க், த் என்று முடிந்தன. அவற்றில் பாதியைத் தமிழில் எழுதக் கிரந்த எழுத்து வேண்டும்.

ஒரு பெயர் எப்படிப் பரவுகிறது, எப்படி ஓய்கிறது என்று அன்றைக்குத்தான் நிதானமாக யோசித்தேன். அந்த யோசனை பேரன் பிறந்தபோது உதவியது. பெயர் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

மருமகளுக்குப் பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் பிரசவம். மகனும் அவளும் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். மாதக்கணக்காகப் போனில் பெயர் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் செந்தில் என்றதும் மருமகள் சிரித்துக்கொண்டே, "அத்தை, எங்க சித்தப்பா பேரே செந்தில்தான். பிள்ளையைக் கூப்பிட்டா அவர் திரும்பிப் பார்ப்பாரு" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் தம்பி பெயரும் செந்தில். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய பெயர் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

ஆனால் அந்தப் பெயரின் வயது வேறு. புறநானூற்றில் 55ஆம் பாட்டு, மதுரை மருதன் இளநாகனார் பாண்டியன் நன்மாறனைப் பாடியது. அதில் "வெண்தலைப் புணரி அலைக்கும் செந்தில்" என்று வருகிறது. வெள்ளை நுரைத் தலையோடு அலை வந்து மோதும் செந்தில். அங்கே நெடுவேளாகிய முருகன் நிலைபெற்றிருக்கும் அழகிய அகன்ற துறையில், பெருங்காற்று கொண்டுவந்து குவித்த மணலை விட அதிகமான நாள் நீ வாழ வேண்டும் என்று அரசனை வாழ்த்துகிறார் புலவர். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் இதைவிடப் பொருத்தமான வாழ்த்து எனக்குத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையிலும் "சீர்கெழு செந்திலும் செங்கோடும்" என்று முருகனின் ஊர்களைச் சொல்லும்போது முதலில் நிற்பது செந்தில்தான்.

ஆக, செந்தில் முதலில் ஓர் ஊரின் பெயர். போனில் உள்ள பெயர்ப் பட்டியல்கள் 'முருகக் கடவுள்' என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டு முடித்துக்கொள்கின்றன. திருச்செந்தூர், சீரலைவாய், செந்தில் எல்லாம் அந்தக் கடற்கரை ஒன்றையே குறிப்பவை. அங்கே இருப்பவர் செந்திலாண்டவர், செந்தில்நாதர், செந்தில்வேலர். அந்த முன்பகுதியை மட்டும் எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டோம். ஊர்ப் பெயரை ஆளுக்கு வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, காசி, திருப்பதி, குற்றாலம் என்று எத்தனை பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வேண்டிக்கொண்ட இடத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த இடத்தை நினைத்ததாகிவிடுகிறது.

ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சூரனை வென்ற இடம் என்பதால் ஜயந்திபுரம், அது செந்தி ஆகி, செந்தில் ஆனது என்று ஒரு விளக்கம். செந்து என்றால் உயிர்கள், அவை அடையும் இல்லம் செந்தில் என்று இன்னொன்று. எனக்கு இந்த இரண்டும் பின்னால் வந்த விளக்கங்களாகவே படுகின்றன. சங்கப் பாட்டிலேயே செந்தில் என்று இருக்கிறது, முருகனுக்கு அதே காலத்தில் சேயோன், சேய் என்று சிவப்பைச் சொல்லும் பெயர்கள் இருக்கின்றன. செம்மை என்ற அடியே இதற்குப் போதும் என்பது என் எண்ணம்.

சரி, இவ்வளவு பழைய பெயர் ஏன் அறுபது, எழுபதுகளில் திடீரென்று பெருகியது? எங்கள் பக்கத்தில் அதற்கு முந்திய தலைமுறை சுடலைமுத்து, இசக்கிமுத்து, மாடசாமி, சங்கரலிங்கம். தாத்தா பெயர் பேரனுக்கு என்று அவை சுற்றி வந்துகொண்டிருந்தன. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் மருமகள்கள் அந்தப் பேரனை அய்யா என்றும் ராசா என்றும் கூப்பிட்டார்கள். ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். பள்ளிக்கூடம் போய் வந்த பெற்றோர் தங்கள் பிள்ளைக்குச் சின்னதாக, புதுசாக, வெளியூரிலும் சொல்லக்கூடிய ஒரு பெயர் தேடியபோது செந்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னொரு பக்கம் 1916இல் மறைமலையடிகள் தொடங்கி வைத்த தனித்தமிழ் உணர்வு, பிறகு மேடைத் தமிழ். அன்பழகன், இளங்கோவன், செழியன் என்று பெயர்கள் வந்தன. திருநீறு பூசியவருக்கும் செந்தில் பிடித்தது, கோயிலுக்கே போகாமல் சங்க இலக்கியம் பேசியவருக்கும் செந்தில் பிடித்தது. இந்த இரண்டு கூட்டமும் ஒத்துக்கொண்ட ஆண் பெயர்கள் குறைவு. அப்புறம் சூலமங்கலம் சகோதரிகள் குரலில் கந்த சஷ்டி கவசம் வீட்டுக்கு வீடு கேட்கத் தொடங்கியது. கொங்குப் பக்கம் போனால் கடைப் பலகைகளில் செந்தில்குமார் எத்தனை என்று பாருங்கள். இலங்கையிலும் இந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. 2023இல் கிழக்கு மாகாண ஆளுநரானவர் செந்தில் தொண்டமான்.

அந்த அலை ஓய்ந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஒரு பெயர் எல்லா வீட்டிலும் வந்துவிட்டால் அடுத்த தலைமுறை வேறு தேடும். எது புதுசாகத் தோன்றுகிறதோ அது இன்னும் இருபது வருடத்தில் தந்தை பெயர்ப் பத்திக்கு நகர்ந்துவிடும். பெயர் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்றைக்கு எல்லாரும் வைக்கும் பெயரைப் புதுசு என்று நினைத்து வைக்காதீர்கள். உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போது அந்த வகுப்பில் அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று பாருங்கள். மருமகள் கடைசியில் சம்மதித்ததும் இதனால்தான். அவர்கள் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் நிறைய. ஆ-வில் தொடங்கி வ்-வில் முடியும் பெயரைக் கூப்பிட்டால் பூங்காவே திரும்பிப் பார்க்கிறதாம். செந்தில் ஒருவன்கூட இல்லை.

கேலி பற்றியும் சொல்ல வேண்டும். 1989இல் கரகாட்டக்காரன் வந்த பிறகு வாழைப்பழம் என்ற வார்த்தை என் வகுப்புச் செந்தில்களைத் துரத்தியது. நடிகர் செந்திலுக்குப் பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. சினிமாவில் அவர் ஏற்ற பெயர் ஊருக்கெல்லாம் அவ்வளவு பிரியமானது என்றால் அது அவருடைய திறமை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புரியாது. ஒருவன் மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், பத்தாவது சர்டிபிகேட் வர்றதுக்குள்ள பேரை மாத்திரலாமா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அன்று பிற்பகல் பாடம் வேறு. அதை ஒதுக்கிவிட்டுப் புறநானூற்று வரியைக் கரும்பலகையில் எழுதினேன். யார் யாருடைய பெயர் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பாட்டில் இருக்கிறதோ எழுந்து நில்லுங்கள் என்றேன். வகுப்பில் செந்தில்கள் மட்டும் நின்றார்கள். கேலி செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்து, உன் பெயருக்கும் நாளைக்குத் தேடுவோம் என்று சொல்லி உட்கார வைத்தேன். கேலி ஒரே நாளில் நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையன் பெயரை மாற்றவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் சினிமாவோ அரசியலோ ஒருநாள் அதன்மேல் வந்து உட்காரும், அதைத் தடுக்க முடியாது. பிள்ளை கையில் தன் பெயரைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்க வேண்டும். அதை அவன் பள்ளிக்கூடம் போகுமுன்பே கொடுத்துவிடுங்கள்.

என் பேரனுக்கு நான் கொடுக்கப் போவது பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ். முருகனைக் கைக்குழந்தையாக வைத்துப் பாடியது. அதன் முத்தப் பருவத்தில் ஒரு பாட்டு உண்டு. கரையில் ஒதுங்கிய வலம்புரிச் சங்கு ஈனும் முத்துக்கு விலை உண்டு, இன்னும் எங்கெங்கோ விளையும் முத்துகளுக்கும் விலை உண்டு, உன் கனிவாய் முத்தத்துக்கு மட்டும் விலையே இல்லை என்று அலைவாய் முதல்வனிடம் முத்தம் கேட்கிறது. தொட்டிலில் போடும்போது அதைத்தான் பாடுகிறேன். மருமகளும் இப்போது பாதி பாடுகிறாள்.

நட்சத்திரம், எண் கணிதம் இரண்டையும் தாண்டித்தான் வந்தோம். பேரன் பூரட்டாதி. பஞ்சாங்கத்தில் அதற்கு ஸே, ஸோ, தா, தீ என்று எழுத்து. அசுவினிக்குச் சு, சே, சோ, ல. தமிழில் எழுதினால் இரண்டு 'சே'யும் ஒன்றுதான், அதனால் செந்தில் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஜோசியரும் சரி என்றார்.

எண் பார்ப்பவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ், இ, என், டி, எச், ஐ, எல் என்று ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட்டால் மொத்தம் 26, கூட்டினால் 8. எட்டு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. 'டி எச்'சில் எச்சை விட்டுவிட்டு, 'டி'க்கு மட்டும் பதிலாகச் சிலர் போடும் இன்னொரு 'டி'யை, அதாவது திண்டுக்கல்லுக்கு எழுதும் டி-யை, வைத்து எழுதிப் பார்த்தார். இரண்டு எழுத்துக்கும் அவர்கள் கணக்கில் நாலுதான், திரும்பவும் 26. கடைசியில் இன்னொரு எல் சேர்த்தால் 29, கூட்டிக் கூட்டி 2 வரும், அப்படி வையுங்கள் என்றார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். நம்பிக்கையைக் குறை சொல்வதற்காக இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியல், தயாரித்த கை இது. பிறப்புச் சான்றில் ஒரு எல், ஆதாரில் இரண்டு எல், பள்ளிப் பதிவேட்டில் குமார் தனியாக, சாதிச் சான்றில் குமார் ஒட்டி என்று வந்து நிற்கும் பெற்றோர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன ஏறுகிறதோ அதுதான் அப்புறம் கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கூடுதலாக ஒட்டிய ஓர் எழுத்து பிள்ளையை அறுபது வயது வரை கவுன்டர் கவுன்டராக நிறுத்தும்.

அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். செந்திலுக்கு நம் ஊரில் 'டி எச்' போடுவதுதான் வழக்கம். வடநாட்டில் அதைப் பார்த்தால் அழுத்தி வேறு மாதிரி உச்சரிப்பார்கள், ஏனென்றால் இந்தியில் அந்த இரண்டு எழுத்தும் வேறு ஒலிக்கு. அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் சிலர் அதனாலேயே திண்டுக்கல் டி-யோடு எச் சேர்த்து எழுதுகிறார்கள். பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன் அப்படித்தான் எழுதுகிறார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். அவரும் மரியான் பெர்ட்ராண்டும் 2004இல் வெளியிட்ட ஆய்வு பெயர்களைப் பற்றியதே. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குப் பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குப் பதினைந்து அனுப்பினால்தான் ஒன்று. பெயரைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறார்கள் என்று நிரூபித்தவர் ஒரு செந்தில் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அதற்காக நம் பிள்ளைகளுக்கு வேற்றுப் பெயர் வைக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடைபோடுபவர்கள்தான் மாற வேண்டும்.

இனிப் பதிவு விஷயம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம், அவசரப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை அங்கே வேறு பெயராக மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் அதில் ஒவ்வோர் எழுத்தும் முக்கியம். நாங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டாருக்கும் அனுப்பினோம். பதிவு செய்யும் இடத்தில் யார் போய் நின்றாலும் அதைத்தான் காட்ட வேண்டும் என்று பேச்சு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னது, பெயரை மாற்றலாமா என்று அன்று கண் கலங்கிக் கேட்ட அதே மாணவன். இப்போது துபாயில் இருக்கிறான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அவன் தம்பி புறப்பட இருந்த நேரம், பட்ட அலைச்சல் கொஞ்சமில்லை. அமெரிக்க விசாவிலும் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் இருக்கும் ஒரே பெயரை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் தெரியாது என்று எஃப் என் யு என மூன்று எழுத்துப் போடுகிறார்கள். "டீச்சர், பேரனுக்கு எடுக்கும்போது அப்பா பேரை அந்தக் கட்டத்துல முழுசா போடச் சொல்லுங்க, இன்ஷியலா விடவேண்டாம்" என்றான். அப்படியே செய்யப்போகிறோம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான நீல நிற ஆதாருக்கு மகன் போய் வந்துவிட்டான். பதிவு செய்தவர் பெயரைக் கேட்டுவிட்டு, பழக்கத்தில் குமார் என்பதையும் சேர்த்துத் தட்டிவிட்டாராம். ஒப்புகைச் சீட்டில் பெயரைப் படித்துப் பார்த்ததால் அங்கேயே திருத்தியாயிற்று. ஐந்து வயதில் கைரேகை, கருவிழி பதிய வேண்டும், பதினைந்தில் மறுபடியும். அந்த இரண்டு தடவையும் சீட்டை வாங்கி, அந்த இடத்தை விட்டு நகருமுன் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.